காளான் வாங்க வந்த கிழவர்

மடப்பள்ளி என்றதும் நமக்குப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் நினைவுக்கு வரும். அவற்றைக் கிளறிய கையை யாரும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. இண்டர்மீடியட் வரை படித்துவிட்ட கர்வத்தில், அடுப்படி என்பது படிப்பு ஏறாதவர்களின் இடம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய கூட்டாளி உண்டென்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர் டோகென், ஜப்பானில் ஸோட்டோ ஜென் நெறியை நிலைநாட்டிய மகான்.

1223-ம் ஆண்டு அவருக்கு வயது 23. உண்மையான தர்மத்தைத் தேடிக் கடல் கடந்து சீனாவுக்குப் போயிருந்தார். இன்று நிங்போ என்று வழங்கும் துறைமுகத்தில் கப்பலிலேயே அவர் தங்கியிருந்தபோது, 61 வயதுக் கிழப் பிக்ஷு ஒருவர் ஜப்பானியக் காளான் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு ஏறி வந்தார். அயுவாங் மலை மடத்தின் சமையல் அதிகாரி அவர். அயுவாங் என்றால் அசோக மன்னன். ஆமாம், நம் அசோகன்தான்! அவன் எழுப்பியதாகச் சொல்லும் 84,000 ஸ்தூபங்களில் ஒன்று தங்களிடம் இருப்பதாக அந்த மடத்தாரின் நம்பிக்கை.

மறுநாள் பண்டிகை. துறவிகளுக்கு நல்ல சாறு வைக்க வேண்டும். மடத்தில் காளான் இல்லை. அதற்காகப் பத்து மைலுக்கு மேல் நடந்து வந்திருந்தார் கிழவர். டோகென் அவரை உபசரித்து, இரவு தங்கிப் போகலாமே என்றார். தாம் இல்லாவிட்டால் நாளைச் சமையல் கெட்டுவிடும் என்று கிழவர் மறுத்தார். அவ்வளவு பெரிய மடத்தில் வேறு ஆளா இல்லை? இந்த வயதில் தியானத்தில் அமராமல் ஏன் இந்த அடுப்படி அவஸ்தை என்று இளைஞர் கேட்டேவிட்டார். கிழவர் உரக்கச் சிரித்தார். சாதனை என்பதும் எழுத்து என்பதும் இந்த வெளிநாட்டுப் பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்கிறதென்று கிளம்பிப் போய்விட்டார்.

ஆதியில் பிக்ஷுக்களுக்கு மடப்பள்ளி ஏது? பிக்ஷா பாத்திரத்தில் விழுந்ததை உண்டார்கள். தமக்கென்று கொல்லாத மாமிசமும் அதில் சேர்த்தி. சீனாவில் மடங்கள் மலையேறின. தாமே பயிரிட்டுத் தாமே சமைத்துக்கொண்டார்கள். 6-ம் நூற்றாண்டில் லியாங் வம்சத்து வூ சக்கரவர்த்தி துறவிகளுக்குப் புலாலை விலக்கினார். பூண்டு, வெங்காயம் முதலான ஐந்து நெடிப் பொருள்களும் தள்ளுபடி. மிஞ்சியவை அரிசி, கீரை, காய், பயறு, காளான், கடற்பாசி.

ஊர் திரும்பிய டோகென், 1237-ல் சமையல் அதிகாரிக்கென்றே 'தென்ஸோ கியோகுன்' என்ற நூலை எழுதினார். பக்குவம் சொல்லும் நூல் அல்ல அது. அரிசியைத் தானே களைந்து கல் பொறுக்க வேண்டும். ஒரு மணியும் வீணாகக் கூடாது. களைந்த நீரைக்கூட வடிகட்டித்தான் கொட்ட வேண்டும். முரட்டுக் கீரை வந்தால் முகம் சுளிக்கவும் கூடாது, உயர்ந்த சரக்கு வந்தால் குதிக்கவும் கூடாது. அவர்களுக்கும் சுவை ஆறுதான். ஆனால் நாம் துவர்ப்பை வைத்த இடத்தில் அவர்கள் வைத்திருப்பது சப்பென்ற மென்சுவை! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். என் வீட்டிலானால் தட்டு பறக்கும். சமைத்து முடித்ததும், உண்ணப்போகும் துறவிகள் இருக்கும் திசை நோக்கி ஊதுவத்தி ஏற்றி, சமைத்தவர் ஒன்பது முறை வணங்க வேண்டும். அதன் பிறகே உணவு வெளியே போகும்.

அந்தக் கிழவரை டோகென் மறுபடியும் சந்தித்தார். இரண்டு மாதம் கழித்து, பதவியை விட்டுச் சொந்த ஊர் திரும்புகிற வழியில், அவரே டோகெனைத் தேடிக்கொண்டு வந்தார். எழுத்து என்றால் என்ன என்று டோகென் கேட்டார். கிழவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் காட்டினார்.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் பானையிலிருந்து ஆழாக்கால் அரிசி அளக்கும்போது, ஒன்று என்று சொல்லாமல், "லாபம், ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவாள். பள்ளிக்கூடத்துப் பையனான நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.