பிதா, தந்தை, அப்பா: ஒரு விளிச்சொல்லின் வரலாறு

புக்கிட் பாத்தோக் கிழக்கு வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, பிரான்சிஸ்கன் துறவியர் பேணிவரும் ஆலயம் ஒன்று உள்ளது. வானதூதர்களின் அன்னை மரியாவின் பெயர் தாங்கியது அது. அப்பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. அசிசி நகருக்கு வெளியே தாழ்நிலத்தில் இருந்த ஒரு சிறு கோவிலுக்கு உரிய பெயர் அது. அதன் அருகிலேதான் 1226ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் உயிர்நீத்தார்.

அவ்விறப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றே இவ்வுரைக்கு வாயில். துணி வணிகர் பியெத்ரோ பெர்னார்தோனேயின் மகனாகிய பிரான்சிஸ், தந்தையின் கடைத்துணியை விற்றுப் பாழடைந்த கோவிலொன்றைச் செப்பனிட முனைந்தார். தந்தை ஆயரிடம் முறையிட்டார். ஊரார் முன்னிலையில் மகன் பணத்தைத் திருப்பித் தந்தார். உடுத்தியிருந்த ஆடையையும் களைந்து கொடுத்தார். இனி விண்ணகத்தில் உள்ளவரையே தந்தை என அழைப்பதாகக் கூறினார். கத்தோலிக்க ஆன்மிக வரலாற்றில் இறைவனின் தந்தைமையை இவ்வளவு வெளிப்படையாகப் பற்றிக்கொண்ட நிகழ்ச்சிகள் அரிது. ஆயினும் இதனைப் படிக்குந்தோறும் என் மனம் பெர்னார்தோனேயின் பக்கம் சற்றே சாய்வதுண்டு. ஒரு தந்தையை இழந்துதான் மற்றொரு தந்தையைப் பெற வேண்டுமா?

அவ்வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசும் கத்தோலிக்கர் அவ்விண்ணகத் தந்தையை எச்சொல்லால் அழைத்தனர் என்பதை முதலில் காண்போம். சமய உண்மைகளை நிறுவுவது இவ்வுரையின் வேலையன்று. ஒரு விளிச்சொல் கடந்துவந்த வழியைக் காட்டுவதே நோக்கம்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தமிழ் அறியாதவர். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, மன்றாட்டுகளைப் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கைமணி அடித்தபடி தெருக்களில் நடந்து சிறுவரைச் சேர்த்துக் கற்பித்தார். கற்றதைத் தாய்தந்தையர்க்கும் அயலார்க்கும் சொல்லிக்கொடுக்குமாறு அச்சிறுவரைப் பணித்ததாக 1544இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். விண்ணகத் தந்தையை நோக்கிய மன்றாட்டை மண்ணகத் தந்தையர் தம் பிள்ளைகளிடம் கற்ற காலம் அது. அம்மொழிபெயர்ப்பில் பிழைகளும் இருந்தன. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்றிருப்பதைக் கண்டு, திருத்துமாறு உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவர் எழுதினார். பிழைதான், ஆனால் எந்தக் குழந்தையும் தன் தந்தையிடம் முதலில் சொல்லும் வாக்கியமும் அதுதானே!

1554இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் தமிழ் மறைக்கல்வி நூலொன்று அச்சாயிற்று. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறு பக்கம் கொண்ட சிறுநூல். அதன் தலைப்பில் இறைவன் 'தம்பிரான்' ஆகிறான். தலைவன், ஆண்டான் என்பது பொருள். அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் தெ நொபிலியின் எழுத்துகளில் 'சர்வேசுரன்' நிலைபெற்றது. இரண்டும் உயரத்தில் இருப்பவனைக் குறிப்பவை. மடியில் அமர்ந்து அழைப்பதற்கு உரியவை அல்ல.

தந்தையைக் குறிக்க வழங்கிய சொல் 'பிதா'. என் தலைமுறைக்கு முந்திய கத்தோலிக்கர் சிலுவை அடையாளம் வரையும்போது 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்பர். தந்தையும் மகனும் வடமொழியில். ஆவியானவர் போர்த்துக்கீசிய வழியில். முழங்காலிட்டுச் சொன்ன முதியோர் எவரும் இக்கலப்பை உணர்ந்ததில்லை. நாவுக்குப் பழகியது நெஞ்சுக்கும் பழகிவிட்டது. ஆயினும் தம் வீட்டுத் தந்தையை எவரும் பிதா என்று அழைத்ததில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின் திருப்பலி இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பிதா தந்தையானார், சுதன் மகனானார். கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து ஆக்கிய 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. தனித்தமிழ் அன்பர்கள் மகிழ்ந்தனர். ஆனால் 'தந்தை' என்னும் சொல்லின் பழம்பொருளை எண்ணிப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் எந்தை என்றால் என் தந்தை; நுந்தை என்றால் உன் தந்தை; தந்தை என்பதோ அவனுடைய தந்தை. படர்க்கையில் நின்ற சொல்லை நாம் பொதுச்சொல்லாக்கிக்கொண்டோம். சைவ, வைணவ அடியார்கள் இறைவனை 'எந்தை' என்றபோது அவ்வுரிமை சொல்லுக்குள்ளேயே இருந்தது. கிறித்தவ மன்றாட்டில் 'எங்கள்' என்ற முன்னொட்டால் அவ்வுரிமையை மீட்க வேண்டியதாயிற்று.

சுட்டுப்பெயரும் இவ்வாறே. தேவார மூவர் இறைவனை 'நீ' என்று ஒருமையில் அழைக்கத் தயங்கவில்லை. கிறித்தவத் தமிழ் 'நீர்', 'உம்' என்பவற்றைத் தேர்ந்தது. 'நீ' எனில் மரியாதைக் குறைவு, 'நீங்கள்' எனில் ஒருவனே என்ற கோட்பாட்டிற்கு இடர் என்று கருதியிருக்கலாம். விளைவு, நம் வீடுகளில் எந்தப் பிள்ளையும் தந்தையிடம் பேசாத ஒரு மொழியில் விண்ணகத் தந்தையிடம் பேசினோம்.

இதற்கிடையே விவிலியத்திற்குள் ஒரு சொல் காத்திருந்தது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாடு, இயேசு பேசிய அரமேயச் சொற்கள் சிலவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துள்ளது. அவற்றுள் ஒன்று 'அப்பா'. மாற்கு நற்செய்தியில் கெத்சமனித் தோட்டத்து மன்றாட்டில் ஒருமுறை, பவுலடியார் உரோமையர்க்கும் கலாத்தியர்க்கும் எழுதிய மடல்களில் ஒவ்வொருமுறை என மூன்றே இடங்கள். கிரேக்க வாசகருக்கு அது அயற்சொல். பக்கத்தில் பொருள் எழுத வேண்டியிருந்தது. தமிழருக்கு மட்டும் அது வீட்டுச்சொல். இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று யாரும் முடிவுகட்ட வேண்டா. குழந்தை வாய்க்கு எளிய ஒலிகள் பல மொழிகளில் தாய்தந்தையர் பெயராகியிருக்கின்றன.

செருமானிய அறிஞர் யோவாக்கிம் யெரெமியாஸ், அரமேய 'அப்பா' குழந்தையின் நெருக்கத்தைக் காட்டுவது என்று வலியுறுத்தினார். வளர்ந்தோரும் வழங்கிய சொல்லே அது, மழலைச்சொல் அன்று என்று 1988இல் ஜேம்ஸ் பார் மறுத்தார். ஆங்கிலத்தில் இதற்கு இணைச்சொல் தேடி அறிஞர் இடர்ப்பட்டனர். தமிழில் அவ்விடரே இல்லை. இரண்டு வயதுக் குழந்தையும் அப்பா என்கிறது. அறுபது வயது மகனும் அப்பா என்கிறான். நெருக்கமும் மதிப்பும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. சிறுவராகிய சம்பந்தர் முதியவராகிய திருநாவுக்கரசரை அழைத்த சொல் 'அப்பர்' எனப் பெயராகவே நிலைத்ததும் இவ்வியல்பினால்தான்.

இனி பெர்னார்தோனேயிடம் வருவோம். அவருக்கு நேராத பெருமையை மற்றோர் இத்தாலியர் தமிழில் வேறொரு தந்தைக்கு வழங்கினார். வீரமாமுனிவரின் (1680–1747) தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் வேந்தன் அல்லன். யோசேப்பு என்னும் தச்சன். எபிரேயப் பெயரின் பொருளை உணர்ந்து 'வளன்' எனத் தமிழ்ப்படுத்தினார் முனிவர். விண்ணகத் தந்தையை வணங்கும் ஒருவன், அத்தந்தையின் மகனைத் தன் கையில் ஏந்தி வளர்க்கிறான். இங்கே மண்ணகத் தந்தை துறக்கப்படவில்லை. அவன் வழியாகவே தந்தைமை கண்ணுக்குப் புலனாகிறது. இறைவனைக் குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் மரபில் ஊறிய தமிழருக்கு இது புதிதாகத் தோன்றியிராது. அசிசியாரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2020 டிசம்பரில் யோசேப்பைப் பற்றி எழுதிய மடலில், அவரை விண்ணகத் தந்தையின் நிழலாகக் காட்டினார். தமிழ்க் காப்பியம் அவ்வழியை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த ஆலயம், லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம்; 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். பிதா தந்தையானதை இத்தீவில் முதலில் கேட்ட சுவர்களுள் அவையும் அடங்கும். இன்று நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சமூகத்தினரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். பிதா, சர்வேசுரன் என்பன இளையோருக்குப் புரியா. தந்தை பாடநூற்சொல்லாகிவருகிறது.

புக்கிட் பாத்தோக் ஆலயத்தில் ஒரு ஞாயிறு, ஆங்கிலத் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான்கைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டத்தில் பின்தங்கிவிட்டாள். அவள் உரக்கச் சொன்ன வாக்கியம் முழுவதும் ஆங்கிலம், முதற்சொல் ஒன்றைத் தவிர. 'அப்பா' என்று அவள் அழைத்ததும் முன்னே சென்ற தமிழ் ஆடவர் மூவர் ஒருசேரத் திரும்பிப் பார்த்தனர்.