முதற் பட்டா பெற்ற கைதி

சிட்னி நகருக்குத் தென்மேற்கே கேம்பல்டவுன் என்றோர் ஊர் உள்ளது. 1837ஆம் ஆண்டில் அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் முதிய உழவர் ஒருவர் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய நினைவுக் கல்லில் சில ஆங்கில அடிகள் பொறிக்கப்பட்டன. அவற்றைச் செய்யுள் என்றுதான் சொல்லவேண்டும். அடிகளின் இறுதியில் இயைபு கேட்கிறது. சொற்களோ பாதிக்குப் பாதி பிழையானவை. பேச்சில் ஒலித்தபடியே கல்லில் ஏறியவை. தாய் தன்னை அருமையாக வளர்த்தாள், இக்குடியேற்ற நாட்டுக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தேன், இனி விண்ணகத் தந்தையோடு இருக்க விழைகிறேன் என்பது அவ்வடிகளின் சாரம். அதை அவரே தம் கையால் செதுக்கி வைத்தார் என்பர்.

எழுத்துப் பிழைக்காகவே நல்ல கவிதைகளைத் திருப்பியனுப்பும் வழக்கமுடையவர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் இக்கல்லின் முன் சற்று நிற்க வேண்டும். பிழை சொல்வதற்கன்று, அதில் உள்ள 'முதல்' என்னும் ஒரு சொல்லை ஆராய்வதற்கு.

அவர் பெயர் ஜேம்ஸ் ரூஸ். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய கார்ன்வாலில் லான்செஸ்டன் என்னும் ஊரில் 1759இல் பிறந்தவர்; உழவுத் தொழிலில் வளர்ந்தவர். 1782இல் ஒரு வீட்டில் புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடினார் என்று போட்மின் நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தூக்குத் தண்டனை விதித்தார்கள். பின்பு அதனை ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். கடிகாரத்துக்குக் கழுத்தா என்று நமக்குத் தோன்றலாம். அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில் அது புதுமையன்று.

எங்கே கடத்துவது? அமெரிக்கக் குடியேற்றங்கள் அப்போது போரிட்டுப் பிரிந்துகொண்டிருந்தன. கைதிகளைக் கொட்ட அந்த வாசல் அடைபட்டுவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு என்று தீர்ப்பில் எழுதினார்கள், அனுப்பவில்லை. பிளிமத் துறைமுகத்தில் டன்கர்க் என்னும் பழங்கப்பலைச் சிறையாக்கி நிறுத்தியிருந்தனர். அதனுள் ரூஸ் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். 1787 மே மாதம் பதினொரு கப்பல்கள் புறப்பட்டபோது ஸ்கார்பரோ என்னும் கப்பலில் அவரும் ஏற்றப்பட்டார். 1788 சனவரி 26 அன்று அக்கப்பல்கள் சிட்னித் துறையில் நங்கூரமிட்டிருந்தன. கரையில் முதலில் கால் வைத்த கைதி தாமே என்று ரூஸ் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டதாக ஒரு வழக்கு உண்டு. சான்றில்லாத செய்தி, எனினும் அந்தச் சொல் அவரை அப்போதே பற்றிக்கொண்டதைக் காட்டுகிறது.

1789 நடுவில் ஏழாண்டு முடிந்தது. விடுதலை கேட்டவரிடம் ஆளுநர் ஆர்தர் பிலிப்பால் உடனே ஆம் என்று சொல்ல இயலவில்லை. கைதிகளின் தண்டனைக் காலத்தைக் காட்டும் பதிவேடுகள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன! ஆயினும் பிலிப்புக்கு வேறொரு கவலை இருந்தது. கொண்டுவந்த மாவும் உப்பிட்ட இறைச்சியும் குறைந்துகொண்டே வந்தன. மண்ணறிந்த உழவர் மிகச் சிலரே. ஒருவன் தன் உழைப்பால் தன்னைத்தானே காத்துக்கொள்ள எத்தனை காலம் ஆகும் என்று அறிய விரும்பினார். 1789 நவம்பரில் ரோஸ் ஹில் என்னும் இடத்தில் ரூஸுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு குடிசையும் விதையும் கருவிகளும் தந்தார். அந்நிலத்துக்குச் 'சோதனைப் பண்ணை' என்ற பெயரே நிலைத்தது. சோதிக்கப்பட்டது நிலமா மனிதனா என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு நவம்பரில் கடற்படை வீரர் வாட்கின் டென்ச் அப்பண்ணைக்குச் சென்று, ரூஸ் சொன்னவற்றைக் குறித்துவைத்தார். அந்த நாள்களில் ஒரு கைதியின் குரல் இவ்வளவு விரிவாக ஏட்டில் ஏறுவது அரிது. வெட்டிய மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைத்தார்; நாளுக்குக் கொஞ்சமாக, ஆழக் கொத்தினார். அரசுப் பண்ணையில் செய்வதுபோல் மேலாகக் கீறிவிடவில்லை என்று ஒரு குத்தலும் உண்டு. கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே மடக்கி, வெயிலும் காற்றும் படக் கிடத்தி, விதைக்குமுன் மீண்டும் புரட்டினார். வைக்கோலைக் குழியிலிட்டு மட்கவைத்து எருவாக்க எண்ணம். மூன்று புஷல் கோதுமை விதைத்துப் பன்னிரண்டு பதின்மூன்று புஷல் எதிர்பார்த்தார். மண் நடுத்தரம், மாடில்லாவிட்டால் தேறாது என்றார். இரவுதோறும் பிற கைதிகள் வந்து திருடுகிறார்கள் என்று குறைப்பட்டார். கடிகாரத் திருட்டுக்குக் கடல் கடந்தவரின் வாயில் இந்தக் குறை வருகிறது. டென்ச் அதைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறார்.

உதவிக்கு யார் என்ற கேள்விக்கு, மனைவி ஒருத்திதான், உழைப்பாளி என்றார். அவர் எலிசபெத் பெர்ரி. 1790 சூனில் லேடி சூலியானா என்னும் கப்பலில் வந்த கைதி. அவ்வாண்டே ரூஸை மணந்தார்.

1791 பிப்ரவரியில், அரசுக் களஞ்சியத்து உணவு தமக்கு இனி வேண்டாம் என்று ரூஸ் அறிவித்தார். ஏறத்தாழப் பதினைந்து மாதத்தில் பிலிப்பின் கேள்விக்கு விடை கிடைத்தது. முப்பது ஏக்கர் அவருக்கு உரிமையாயிற்று. நியூ சவுத் வேல்ஸில் வழங்கப்பட்ட முதற் பட்டா அது.

எனவே கல்லில் உள்ள சொல் மெய்யா? தானியத்தைப் பொறுத்தவரை அன்று. ரூஸுக்கு மண்வெட்டி தரப்படுமுன்பே ரோஸ் ஹில்லின் அரசுப் பண்ணையில் பிலிப்பின் பணியாளர் ஹென்றி டாட் கைதிகளைக்கொண்டு கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்தார். ரூஸ் முதல்வர் என்பது தம் பொருட்டுப் பயிரிட்டவர்களுள் முதல்வர் என்ற அளவில்தான். தமிழில் 'முதல்' என்பதற்கு மூலதனம் என்றும் பொருளுண்டு. அப்பொருளில் அவர் கூற்றைப் பெரிதும் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மண் யாருடையது? பரமட்டகல் என்னும் தாருக் குலத்தாருடையது. 1791இல் ரோஸ் ஹில்லுக்கு வைத்த பரமட்டா என்ற பெயரே அவர்கள் சொல்லிலிருந்து வந்தது. பெயரை எடுத்துக்கொண்டார்கள், பட்டாவில் அவர்களைக் கேட்கவில்லை. 1789 ஏப்ரலில் பரவிய பெரியம்மையில் சிட்னிச் சுற்றுவட்டத்துப் பழங்குடியினர் பாதிப்பேர் மாண்டதாகப் பிலிப்பே கணித்தார். அது நடந்து ஏழே மாதத்தில் சோதனைப் பண்ணை தொடங்கியது. காடு திருத்திக் கழனியாக்குபவனைப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். அக்காட்டில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களைப் பற்றி நம் புலவர்களும் நிறையப் பேசிவிடவில்லை.

1793இல் ரூஸ் அந்த முப்பது ஏக்கரையும் ஜான் ஹாரிஸ் என்னும் மருத்துவருக்கு 40 பவுனுக்கு விற்றார். ஊர் திரும்பும் எண்ணத்தில் விற்றார் என்பர், திரும்பவில்லை. 1794 தொடக்கத்தில் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் குடியேறிய முதல் சிலருள் ஒருவரானார். வண்டல் நிலம், பரமட்டா மண்ணைவிடப் பன்மடங்கு வளமானது. ஆற்றோரத்தில் தாருக் மக்கள் தோண்டியுண்ட காட்டு வள்ளிக்கிழங்குப் படுகைகள் இருந்த இடத்தில் மக்காச்சோளம் நின்றது. கிழங்கு போனதால் அவர்கள் சோளத்தை எடுத்தார்கள். அது திருட்டு எனப்பட்டது. 1795இல் படைவீரர்கள் அனுப்பப்பட்டு அவர்களைச் சுட்டார்கள். கதிர் பறித்தவர்க்கு வழக்குமன்றம்கூட இல்லை.

ஆறும் குடியேறிகளை விட்டுவைக்கவில்லை. 1806 வெள்ளமும் 1809 வெள்ளமும் அக்கரையின் விளைச்சலை வாரிச் சென்றன. ரூஸ் கடன்பட்டார், நிலம் கைவிட்டுப் போயிற்று. பின்னர் வேறிடத்தில் நிலம் பெற்றும் தலைநிமிரவில்லை. 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறர் பண்ணையின் மேற்பார்வையாளராக அவர் பதிவாகியிருக்கிறார். முதற் பட்டாக்காரர் முதுமையில் கூலிக்கு உழைத்தார்.

இன்று சிட்னியில் அவர் பெயரால் ஒரு நெடுஞ்சாலை உண்டு. புகழ்பெற்ற வேளாண் உயர்நிலைப் பள்ளியும் உண்டு. சோதனைப் பண்ணை இருந்த இடத்தில் காட்சியகமாகப் பேணப்படும் வீடு மருத்துவர் ஹாரிஸ் கட்டியது. ரூஸின் குடிசை நிற்கவில்லை.

எஞ்சியவை கல்லில் வெட்டிய அந்த அடிகளே. அவற்றில் கடிகாரங்கள் இல்லை. முப்பது ஏக்கர் இல்லை, நாற்பது பவுன் இல்லை. தாய் இருக்கிறாள், தானியம் இருக்கிறது. அவருக்கு ஓராண்டு முன்னதாக, 1836இல் மறைந்த எலிசபெத், உதவிக்கு வேறு எவருமில்லை என்று டென்ச்சிடம் அவர் சொன்ன அந்த உழைப்பாளி, அவ்வடிகளில் இல்லை.