உயிர் காத்த பலகை



நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்திற்குக் கடல்நீர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒருவர் வெறும் பலகையின்மேல் நின்றபடி சறுக்கி இறங்குகிறார். கால் சற்றுப் பிசகினாலும் உயிருக்கே ஆபத்து. இது வீரமா, அல்லது வீண் துணிச்சலா? விடை தேடி, இன்று பசிபிக் மாகடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுகளுக்குச் செல்வோம்.

அலைச்சறுக்கு ஹவாய் மக்களின் பழம்பெரும் கலை. கேப்டன் குக்கின் கப்பல்கள் 1778-இல் அங்கே வந்து சேர்ந்தன. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அரசர்களும் குடிமக்களும் மரப்பலகையில் அலையேறி வந்தார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த நோய்கள் அம்மக்களை வாரிக்கொண்டு போயின. 1820-இல் வந்த பாதிரிமார்களுக்கோ இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. நிலமெல்லாம் கரும்புத் தோட்டமாகவும் அன்னாசித் தோட்டமாகவும் மாறியது. சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே வந்து குடியேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அலைச்சறுக்கு ஏறக்குறைய மறைந்துபோகும் நிலையில் இருந்தது.

அதை மீண்டும் உலகறியச் செய்தவர் டியூக் கஹனாமோக்கு என்ற ஹவாய்க்காரர். 1912, 1920 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். 1925 ஜூன் மாதம் அவர் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் இருந்தபோது, ஒரு மீன்பிடிப் படகு பேரலையில் சிக்கிக் கவிழ்ந்தது. டியூக் தம் பலகையோடு அலைக்குள் பாய்ந்தார். மீண்டும் மீண்டும் சென்று, எட்டுப் பேரை உயிருடன் கரை சேர்த்தார். விளையாட்டுப் பலகை ஆபத்து வேளையில் உயிர் காக்கும் கருவியுமாகும் என்பதை அன்று பலரும் கண்டுகொண்டார்கள்.

இனி, ஹவாயில் பேரலைகள் எழுவது எப்படி என்று பார்ப்போம். குளிர்காலத்தில் பசிபிக் மாகடலின் வடகோடியில் கடும் புயல்கள் வீசும். அவை கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் ஓடி வருகின்றன. ஹவாயோ ஆழ்கடலிலிருந்து நேராக எழுந்த எரிமலைத் தீவு. அலையின் வேகத்தைத் தணிக்க அகன்ற ஆழமற்ற கடற்பரப்பு அங்கே இல்லை. ஆகவே, வந்த வேகம் குறையாமல் அலை கரையோரப் பாறைத் திட்டில் மோதி உயர்கிறது. ஓவாஹு தீவின் வடகரையிலுள்ள வைமேயா விரிகுடாவில் அலையின் முகம் நாற்பது அடிக்கு மேலும் எழுவதுண்டு.

ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் எடை. அப்படியானால், அந்த அலை தலைமேல் விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். விழுந்தவரை அது ஆழத்திற்கு அமுக்கிப் புரட்டும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. மூச்சு வாங்க மேலே வருவதற்குள் அடுத்த அலை வந்து மூடிவிடும்.

1943 டிசம்பர் மாதம் இரண்டு வீரர்கள் வடகரையில் வேறோரிடத்தில் அலையேறிக் கொண்டிருந்தனர். திடீரென்று கடல் பொங்கியதால் அங்கே கரையேற முடியவில்லை. கடலிலேயே பலகையைச் செலுத்தி வைமேயா வரை வந்தார்கள். ஆனால் அங்கும் அலை வழி மறித்தது. உட்டி பிரவுன் என்பவர் அரை உயிராய்க் கரை ஒதுங்கினார். பதினேழு வயது டிக்கி கிராஸ் திரும்பவில்லை. அதன்பின் 1957 வரை வைமேயாவின் பேரலையில் ஏற எவரும் துணியவில்லை.

இந்த விரிகுடாவைக் காத்து நின்றவர்தான் எடி ஐகாவ். 1946-இல் மாவி தீவில், ஆறு பிள்ளைகள் இருந்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். உழைத்துப் பெற்ற கூலியில் தமக்கென ஒரு பலகை வாங்கினார். 1967 நவம்பரில் வைமேயாவின் மிகப் பெரிய அலைகளில் ஏறிப் புகழடைந்தார். மறு ஆண்டு, வடகரையின் முதல் உயிர்காப்பாளர்களில் ஒருவராக அரசு வேலையில் அமர்ந்தார்.

அவர் காப்பாற்றியவர்கள் ஐந்நூறு பேருக்கும் மேல் என்பார்கள். அவர் பணியில் இருந்த வேளையில் வைமேயாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மற்றவர்கள் கரைக்கு ஓடிவரும் அலையில் அவர் எதிர்த்துப் போவார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போனவர் அல்லர். எந்த இடத்தில் நீரோட்டம் உள்ளே இழுக்கும், எத்தனை அலைக்குப் பின் கடல் சற்று அடங்கும் என்பதையெல்லாம் நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார்.

1978 மார்ச் 16-ஆம் நாள், ஹோகுலேயா என்ற இரட்டைப் படகில் எடி தாஹித்தித் தீவுக்குப் புறப்பட்டார். முன்னோர்கள் நட்சத்திரங்களைப் பார்த்தே மாகடலைக் கடந்த வழியில் தாமும் செல்வது அந்தக் குழுவினரின் நோக்கம். அன்றிரவே புயலில் படகு கவிழ்ந்தது. விடியும்வரை கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். உதவி எதுவும் வரவில்லை. லனாய்த் தீவு பல மைல் தொலைவில் இருந்தது. "நான் போய் உதவி கொண்டுவருகிறேன்" என்று எடி முன்வந்தார். தம் பலகையில் படுத்துக் கையால் துழாவியபடி அலைகளுக்கிடையே மறைந்தார்.

அன்றிரவு அவ்வழியே சென்ற விமானம் ஒன்று படகிலிருந்து விட்ட ஒளிச் சமிக்ஞையைக் கண்டது. கடலோரக் காவல் படை வந்து மற்றவர்களை மீட்டது. எடி மட்டும் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் தேடியும் பயனில்லை. அப்போது அவருக்கு வயது 31.

படகு மனம் தளரவில்லை. 1980-இல் ஹோகுலேயா மீண்டும் புறப்பட்டுத் தாஹித்தி சென்று திரும்பியது. எடியின் நினைவாக வைமேயாவில் ஓர் அலைச்சறுக்குப் போட்டியும் ஏற்பட்டது. அலையின் முகம் நாற்பது அடி எட்டினால்தான் அது நடக்கும். அதனால் பல ஆண்டுகள் நடவாமலே போயின. 2023 ஜனவரியில் நடந்தபோது வென்றவர் யார் தெரியுமா? அன்று அதே கடற்கரையில் பணியில் இருந்த லூக் ஷெப்பர்ட்சன் என்ற உயிர்காப்பாளர்! இடைவேளையில் அலையேறிவிட்டு, மீண்டும் தம் காவல் மேடைக்கே திரும்பிக் கடமையைச் செய்தார்.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எடியின் வாழ்க்கையே விடை. ஆபத்தை அறியாமல் குதிப்பது துணிச்சல் மட்டுமே. ஆபத்தை முற்றும் அறிந்து, பிறர் உயிருக்காக அதற்குள் இறங்குவதே வீரம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பெருக்கெடுத்த ஆற்றிலோ, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையிலோ யாராவது தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். ஒருவரைக் காக்கப் போய் இருவரை இழந்த குடும்பங்கள் உண்டு. நீண்ட கம்பு, கயிறு, மூடிய காலி டின், மிதக்கும் பலகை எது கைக்குக் கிடைத்தாலும் அதை நீட்டுங்கள், வீசுங்கள். உரக்கக் கூவி ஆட்களை அழையுங்கள். டியூக்கும் எடியும்கூட வெறுங்கையோடு போகவில்லை, பலகையோடுதான் போனார்கள். இதை இன்றிரவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.