சங்கும் சமூகப் பெறுமதியும்

ஒரு பொருளின் பெறுமதி அப்பொருளினுள்ளேயே உறைந்து கிடக்கின்றது எனக் கருதுவது பொதுவழக்கு. ஆயின், பொருள் கைமாறும் வழியிலேயே அதன் பெறுமதியின் பெரும்பகுதி உருவாகின்றது. மன்னார்க் குடாவிலும் யாழ்ப்பாணக் கடலிலும் எடுக்கப்பட்ட சங்கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சங்கு ஒரு கடல்வாழ் உயிரினத்தின் ஓடேயாகும். அதனை அறுத்து வளை செய்யும் தொழில் மிகத் தொன்மையானது. சிந்துவெளி நகரங்களிற் சங்கு வளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சங்கினை வாளரத்தால் அறுக்கும் தொழிலை அகநானூற்றின் 24ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. தமிழகத்தில் இத்தொழில் அருகிய பின்னரும் வங்காளம் சங்கின் பெருஞ் சந்தையாக நிலைத்தது.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தருக்குச் சங்குக்குளிப்பு வருவாய் தரும் துறையாக விளங்கியது. அவர்கள் அதனைக் குத்தகைக்கு விட்டனர். பின்வந்த ஆங்கிலேயரும் அம்முறையைக் கையாண்டனர். கப்பலேறிய சங்குகள் டாக்காவிலே சாங்காரி எனப்படும் சாதியாரை அடைந்தன. அவர்கள் பிறைவடிவான வாளினால் அவற்றை அறுத்து, தேய்த்து, சித்திரவேலை செய்து வளைகளாக்கினர். வங்காள இந்து மணமகள் அவ்வளையை அணிந்த கணத்தில் அது வெறும் அணிகலன் என்ற நிலையைக் கடந்துவிடுகின்றது. நம் சமூகத்திலே தாலி பெறும் இடத்தை அங்கு சங்கு வளை பெறுகின்றது. கணவன் இறப்பின் அது களையப்படுதலும் மரபாகும்.

வலம்புரிச் சங்கு இதனை மேலும் தெளிவுறுத்தும். இடம்புரியும் வலம்புரியும் ஓரினத்தனவே. இரண்டையும் எடுப்பதற்கு வேண்டிய உழைப்பும் ஒன்றே. எனினும், சுழி மாறிய சங்குக்கு மட்டும் பெருவிலை கிடைக்கின்றது. அதன் அருமைப்பாடு மாத்திரம் இதற்குக் காரணமன்று. வலம்புரி புனிதமானது என்ற நம்பிக்கையை வாங்குவோனும் விற்போனும் ஏற்றுக்கொண்டமையாலேயே அவ்வருமை விலையாக மாறியது.

இங்கு மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. குத்தகைக்காரன், வணிகன், சாங்காரி, மணமகள் என ஒவ்வொரு கையிலும் சங்கின் பெறுமதி உயர்ந்தது. மூச்சடக்கிக் கடலடியில் அதனைப் பொறுக்கியவனிடமோ அவ்வுயர்வு திரும்பி வரவில்லை. அவன் பெற்றது கூலி மட்டுமே. பொருளுக்குப் பண்பாட்டுப் பெறுமதியை அளித்த பரிவர்த்தனையே, அப்பெறுமதியில் யாருக்குப் பங்கில்லை என்பதையும் தீர்மானித்தது. பொருள்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றை முதலில் தொட்ட கைகளையும் அவ்வரலாற்றிற் சேர்த்து நோக்குதல் வேண்டும்.