தமிழ் மாணவரும் பிரெஞ்சு இலக்கணமும்

பிரெஞ்சு கற்கும் தமிழருக்கு அடிக்கடி எழும் இலக்கண ஐயங்கள் பால், உடைமை, துணைவினை ஆகியவற்றைச் சுற்றியவை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னும் இந்த ஐயங்கள் அங்கே தொடர்கின்றன. பிரெஞ்சு கற்க, 1826இல் தோன்றிய லிசே பிரான்சே பள்ளியும் 1889இல் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி மையமும் நகரில் உள்ளன.

மேசை ஏன் பெண்பால்? முதலில் எழுவது இதுதான். தமிழில் ஆண், பெண் என்பது உயர்திணைக்கு உரியது. மேசையும் புத்தகமும் அஃறிணை. பிரெஞ்சில் அந்த மூன்றாவது இடமே கிடையாது. 'லா தாப்ள்' (மேசை) பெண்பால், 'லெ லீவ்ர்' (புத்தகம்) ஆண்பால். பொருளில் காரணம் தேடுவது வீண். சொல்லின் ஈறு ஓரளவு கைகொடுக்கும்: 'இஸ்ம்' என்று முடிபவை ஆண்பால், 'ஆஜ்' என்று முடிபவையும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் கடற்கரையைக் குறிக்கும் 'பிளாஜ்' பெண்பால். புதுச்சேரி மாணவருக்கு வேண்டிய சொல்லே விதியை மீறுகிறது! சொல்லை லெ, லா சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

உடைமையில் சிக்கல் வேறு. 'அவன் அப்பா', 'அவள் அப்பா' என்று தமிழ் உடையவரைப் பார்க்கிறது. பிரெஞ்சு உடைமையைப் பார்க்கிறது. 'சோன் பேர்' அவன் அப்பாவும் ஆகும், அவள் அப்பாவும் ஆகும். அம்மாவுக்கு 'சா மேர்'. பெண்பாற்சொல் உயிரொலியில் தொடங்கினால் 'சா' நில்லாது: தோழி 'சோன் அமி' ஆகிறாள். 'ஒரு' உயிருக்கு முன் 'ஓர்' ஆவதைப் போன்ற ஒலி வசதிதான் இது.

'போயிருக்கிறேன்', 'சாப்பிட்டிருக்கிறேன்' இரண்டுக்கும் தமிழில் 'இரு' போதும். பிரெஞ்சில் போதல், வருதல், பிறத்தல், இறத்தல் முதலிய சில வினைகளே 'இரு' என்னும் பொருளுள்ள 'எத்ர்' துணைவினையைக் கொள்ளும். பெரும்பாலானவை உடைமைப் பொருளுள்ள 'அவுவார்' கொள்ளும். 'போனேன்' என்று ஒரு பெண் எழுதினால், காதில் விழாத ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

சில மயக்கங்கள் ஆங்கில வழியாகப் படிப்பதால் வருபவை. 'இரண்டு வருடமாகப் படிக்கிறேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தையே வைக்கிறது. அந்த 'ஆக' என்னும் பொருளுள்ள 'தெபுயி' சேர்த்த பிரெஞ்சு வாக்கியமும் அப்படியே; ஆங்கிலம்தான் வேறு. 'தூ', 'வூ' வேறுபாட்டை, நீ, நீங்கள் சொல்லி வளர்ந்தவருக்கு விளக்கவே வேண்டியதில்லை.