காலரியும் கூடமும்: சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்த கதை

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் 1865-இல் தொடங்கியது. 1846-இல் உருவாகி அதுவரை தீவுத்திடலில் ஆடிவந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், அந்த ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பழைய அரண்மனை நிலத்தில் ஒரு பகுதியை வளைத்துக்கொள்ள அனுமதி பெற்றது. கிளப்பின் உறுப்பினர்கள் ஐரோப்பியர்கள். பெவிலியன் நிழலும் அவர்களுக்குரியது. எதிரணியில் ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஆடவந்தவனுக்கே அந்த மரியாதை என்றால், வேடிக்கை பார்க்க வந்தவனைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இந்த அவமதிப்புதான் மோத்தவரப்பு வெங்கடமகிபதி புச்சிபாபு நாயுடுவை 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கவைத்தது. ஐரோப்பியரும் இந்தியரும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்றுக்கு அவர் ஏற்பாடு செய்தார். அதைப் பார்க்காமலே 1908 டிசம்பரில் இறந்தார். அந்த எண்ணம் பின்னாளில் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி ஆட்டமாக வளர்ந்து, நாடு விடுதலை பெற்ற பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது.

பொங்கலை ஒட்டி என்பது தற்செயல் அல்ல. அலுவலகமும் பள்ளியும் மூடியிருக்கும்; வெயில் தணிந்திருக்கும்; மழை விட்டிருக்கும். மைதானத்துக்குக் கூட்டம் வருவதற்கு அதைவிட நல்ல வாரம் சென்னையில் கிடையாது. டெஸ்ட் ஆட்டங்களும் பின்னர் இதே கணக்கைப் பின்பற்றின. 1961, 1962, 1964, 1967, 1973, 1975, 1977, 1979, 1980, 1982, 1985, 1988 ஆகிய ஆண்டுகளின் சென்னை டெஸ்டுகள் எல்லாமே ஜனவரி நடுவில் நடந்தவை. 'பொங்கல் டெஸ்ட்' என்ற பெயர் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. மைதானத்துக்கு வரக்கூடியவரின் வசதியே ஆட்ட அட்டவணையை முடிவுசெய்த காலம் அது.

சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரி 10-இல் தொடங்கியது. டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணியும் சி.கே. நாயுடுவின் இந்திய அணியும் ஆடின. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே, இங்கேயே நடந்து ஒரே நாளில் முடிந்தது. இந்த ஆட்டங்களைப் பார்ப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது: நேரில் போவது. போகாதவர்களுக்கு மறுநாள் காலைப் பத்திரிகை. 1952 பிப்ரவரி 10-இல், முதல் டெஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இதே மண்ணில் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது. வினூ மன்கட் பன்னிரண்டு விக்கெட் எடுத்தார். அந்த வெற்றியைக் கண்ணால் கண்டவர்கள், அன்று காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே.

கேட்டவர்கள் வேறு. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. நேர்முக வர்ணனை நாடெங்கும் பரவியபோது ஆட்டத்துக்கு இரண்டாவது வகை ரசிகர் உருவானார். மைதானத்துக்கு வராமலே ஆட்டத்தில் மூழ்கியவர். வானொலிப் பெட்டி வசதியானவர் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. அது ஓடும் வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது. டிரான்சிஸ்டர் வந்தபின் இது தலைகீழாயிற்று. பெட்டி ஆளைத் தேடிவந்தது. அலுவலக மேசை இழுப்பறைக்குள் மெல்லப் பேசியது. டீக்கடைக்காரர் கரும்பலகையில் ஸ்கோர் எழுதிவைத்தார். வர்ணனை ஆங்கிலமும் இந்தியும் மாறிமாறி வரும். இந்தி முறை வந்ததும் புரியாமல் விழித்தவர்களும் பெட்டியை அணைக்கவில்லை. 'சார் ரன்' என்றால் பவுண்டரி என்பது தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் இந்தி எண்களைக் கற்பிப்பதில் எந்தப் பாடத்திட்டத்தைவிடவும் கிரிக்கெட் வர்ணனை வெற்றி பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ் வர்ணனை பின்னால் வந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி போன்றோர் வானொலியில் ஆட்டத்தைத் தமிழில் சொல்லும் முறையை வகுத்தார்கள். 'ஆட்டமிழந்தார்', 'ஓட்டம்', 'பந்துவீச்சாளர்' போன்ற சொற்களைத் தெருவில் யாரும் பேசுவதில்லை. ஆனாலும் காதுக்கு அந்நியமில்லாமல் போனதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இலங்கைத் தமிழர் 'துடுப்பாட்டம்' என்று வேறொரு சொல்லில் அதே ஆட்டத்தைக் கேட்டார்கள்.

வானொலி மைதானத்தைக் காலியாக்கவில்லை. மாறாக, ரசிகர்கள் டிரான்சிஸ்டரைக் கையோடு மைதானத்துக்கே கொண்டுவந்தார்கள். காலரியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர் விரற்கடை உயரம். பந்து திரும்பியதா, மட்டையில் பட்டதா என்பது தெரியாது. கண்ணால் கண்டதை உறுதிசெய்யக் காது தேவைப்பட்டது. 1967 ஜனவரி 13 அன்று ஃபரூக் எஞ்சினியர், மேற்கிந்தியத் தீவுகளின் ஹால், கிரிஃபித், சோபர்ஸ் பந்துகளை விளாசி உணவு இடைவேளைக்குள் 94 ரன் எடுத்தார். அப்படிப்பட்ட காலையை நேரில் பார்த்துக்கொண்டே வர்ணனையாளர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பதும் ஒரு சுவை. சென்னைக் கூட்டத்துக்கு 'ஆட்டம் தெரிந்த கூட்டம்' என்ற பெயர் உண்டு. வந்த அணிகள் விருந்தோம்பலுக்கு நன்றியாகச் சொல்லிச்சொல்லிப் பெருக்கிய புகழ் அது என்று ஒரு பகுதியைத் தள்ளிவிடலாம். மீதியில் உண்மை இருக்கிறது, அதில் அந்தச் சிறு பெட்டிக்கும் பங்கு இருக்கிறது.

ஐந்து நாளுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட் வாங்கிய குடும்பங்கள் காலரியை வீடாகவே ஆக்கிக்கொண்டன. புளியோதரை, தயிர்சாதம், தூக்குச்சட்டி, வெயிலுக்குத் துண்டு. பக்கத்து இருக்கைக்காரர் ஐந்தாம் நாளுக்குள் உறவுக்காரர் ஆகிவிடுவார். பாதுகாப்புச் சோதனை வந்து பையும் தண்ணீர் பாட்டிலும் தடுக்கப்பட்ட பிறகு இது மறைந்தது.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் கூடங்களில் மெல்ல இடம்பிடித்தன. 1982-இல் வண்ணம் வந்தது. மறு ஆண்டு ஜூன் 25 இரவு லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தைச் சென்னை தன் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. இந்தியா எடுத்த 183 ரன்னில் அதிகபட்சமான 38, சென்னைக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் எடுத்தது. உள்ளூர் மைதானத்தில் ஆட்டம் பார்த்துப் பழகிய ஊருக்கு, கடல்கடந்த மைதானம் ஒன்று அன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

நேரில் பார்ப்பதற்கும் வீட்டில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு 1986 செப்டம்பர் 22 நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 348. கடைசி ஓவரில் நான்கு ரன் தேவை, ஒரு விக்கெட் மீதி. ரவி சாஸ்திரி இரண்டும் ஒன்றுமாக எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். கிரெக் மேத்யூஸ் வீசிய ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். காலரியில் இருந்தவர்கள் கண்டது நடுவர் விக்ரம்ராஜுவின் உயர்ந்த விரலை மட்டும். பந்து மட்டையில் பட்டதா என்ற வாதம், பதிவைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தவர்களுடையது. அது இன்னும் முடியவில்லை.

1990-களில் இந்த இடைவெளி விசித்திரமான முறையில் அடைபட்டது. 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் டெண்டுல்கர் ரன்அவுட் ஆனதை மூன்றாவது நடுவர் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து அறிவித்தார். அதுவரை வீட்டு ரசிகனின் தனிச் சொத்தாக இருந்த ரீப்ளே மைதானத்துக்குள் நுழைந்தது. பின்னர் ராட்சதத் திரைகள் வந்தன. விக்கெட் விழுந்ததும் காலரியின் தலைகள் ஆடுகளத்தைவிட்டுத் திரைக்குத் திரும்பப் பழகின. அட்டவணையும் கை மாறியது. ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தனியார் பணம் கிரிக்கெட்டுக்குள் பெருகியது. மின்விளக்கு ஆட்டங்கள் மாலை நேரக் கூடத்தைக் குறிவைத்தன. பொங்கல் டெஸ்ட் வழக்கொழிந்தது.

ஆனாலும் மைதானத்தால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்று 1999 ஜனவரி 31 அன்று தெரிந்தது. சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 எடுத்து ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254; அடுத்த நான்கு ரன்னுக்குள் மற்ற மூவரும் வீழ்ந்தார்கள். தோல்வி 12 ரன்னில். கூட்டம் முதலில் உறைந்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து அதை ஏற்றார்கள். வீடுகளில் தொலைக்காட்சி ஏற்கெனவே அணைக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் தோல்வியிலிருந்து எழுந்துபோவது சுலபம். காலரியில் பக்கத்தில் இருப்பவன் எழுந்து நின்றால் தானும் நிற்க வேண்டும்.

2008-இல் ஐ.பி.எல். வந்தபோது காலரி நிறம் மாறியது. ஐந்து நாள் பொறுமை மூன்று மணி நேரச் சத்தமாகச் சுருங்கியது. சென்னை அணியின் மஞ்சள் சட்டையும் விசிலும் சீருடை ஆயின. பழைய ரசிகர்கள் இதை இறக்கம் என்றார்கள். பார்க்க வந்த கூட்டம் பார்க்கப்படும் கூட்டமாக மாறியது என்பதே சரியான விவரிப்பு. கேமரா காலரியைக் காட்டுகிறது, காலரி கேமராவுக்காக ஆடுகிறது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கியபின் வீட்டு ரசிகருக்கு முழுநேரத் தமிழ் வர்ணனையும் கிடைத்தது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தையொட்டிச் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் தனி ரயிலில் அங்கே போனார்கள். ஆட்டம் கைப்பேசியிலேயே தெரியும் காலத்தில் பகல் இரவாக ரயிலில் உட்கார்ந்து போனது, பார்ப்பதற்காக மட்டும் அல்ல.

கொள்ளைநோய்க் காலம் இதை ஒரு சோதனைக்கூடம்போல் நிரூபித்தது. 2020 ஐ.பி.எல். அமீரகத்தில் வெற்று மைதானங்களில் நடந்தது. ஒளிபரப்பில் பதிவுசெய்த கூட்டச் சத்தம் சேர்க்கப்பட்டது. ஆள் இல்லாத காலரியின் அமைதியை வீட்டு ரசிகரால் தாங்க முடியவில்லை என்பதே அதன் பொருள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதல் டெஸ்டுக்குப் பார்வையாளர் அனுமதி இல்லை. ஜோ ரூட் 218 எடுத்து இங்கிலாந்தை வெற்றிக்கு அழைத்துச் சென்றதை நாற்காலிகள் மட்டும் பார்த்தன. சில நாள் கழித்து அதே மைதானத்தில் தொடங்கிய இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி இருக்கைகள் திறக்கப்பட்டன. விராட் கோலி விசிலடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். சென்னைக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வின் 106 எடுத்தபோது பாதிக் கூட்டம் முழுக் கூட்டத்தின் சத்தத்தை எழுப்பியது. அந்தச் சத்தத்துக்கு ஒலிப்பதிவு தேவைப்படவில்லை.

2011-இல் மைதானம் புதுப்பிக்கப்பட்டபோது கட்டிய ஐ, ஜே, கே காலரிகள் அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தன. 2019 ஐ.பி.எல். இறுதியாட்டம் ஐதராபாத்துக்குப் போனதற்கு அந்தக் காலி இருக்கைகளே காரணம். 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரில் புதிய காலரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள் தமிழ் வர்ணனை உட்படக் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்தன. இணையவழிப் படம் மைதானத்துக்குச் சில நொடிகள் பின்தங்கியே வருகிறது. ஆட்ட இரவுகளில் மைதானத்தை ஒட்டிய திருவல்லிக்கேணித் தெருக்களில், திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கூச்சல் உள்ளே வந்து, விக்கெட் விழுந்துவிட்டதைச் சொல்லிவிடுகிறது.