தேனி கண் மையங்களின் கம்பியில்லா வலையமைப்பு

தேனி கண் மையங்களின் கம்பியில்லா வலையமைப்பு என்பது, அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்கிலி) ஆய்வாளர்களும் இணைந்து 2000-களின் நடுப்பகுதியில் உருவாக்கிய நெடுந்தொலைவு வைஃபை அமைப்பாகும். கிராமங்களில் உள்ள கண் பரிசோதனை மையங்களை இது தேனி மருத்துவமனையுடன் இணைத்தது. கிராமப்புற வலையமைப்பை நிறுவுவதைவிட அதைத் தொடர்ந்து இயக்குவதே கடினம் என்பதைக் காட்டிய முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

முன்னோடிகள்

தமிழ்ப் பகுதிகளில் இவ்வகை முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்குக் குரலும் தரவும் வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் வழியே சென்றன. வீராம்பட்டினம் மீனவர்கள் அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் கேட்டனர். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் இணையத்தைக் கொண்டு சென்றது.

இந்திய அரசு 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடங்களுக்கு வெளியேயும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. விலை குறைந்த வைஃபை கருவிகளைக் கொண்டே ஊர்களை இணைக்க இது வழிவிட்டது.

அமைப்பு

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் மருத்துவமனை. 2004 முதல் அது கிராமங்களில் கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்றால், நோயாளிக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். இணைப்பு அறுந்தால் அந்தப் பயன் இல்லை.

2008-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, ஐந்து மையங்களுக்காக 11 திசைவிகளும் (ரவுட்டர்கள்) 9 இணைப்புகளும் அமைக்கப்பட்டிருந்தன. மிகக் குறுகிய இணைப்பு 1 கிலோமீட்டர். ஆண்டிபட்டிக்கான இணைப்பு 15 கிலோமீட்டர். கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர் வரை இருந்தது. கோபுரம் இல்லாத இடங்களில் கூரைக் கம்பங்களும், ஓர் ஆலை வளாகத்துப் புகைபோக்கியும் பயன்பட்டன.

வலைப்பின்னல் (மெஷ்) முறையில் ஒவ்வொரு கருவியும் அண்டைக் கருவிகளுடன் பேசும். ஒரு வழி அடைபட்டால் தகவல் வேறு வழியில் செல்லும். தேனி அமைப்பு அவ்வாறன்றி, கோபுரத்துக்குக் கோபுரம் தொடுத்த சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் துண்டிக்கப்படும். ஆயினும் இரு முறைகளிலும் வரும் பழுதுகள் பெரும்பாலும் ஒன்றே.

தொலைவால் வந்த சிக்கல்

வைஃபை குறுகிய தொலைவில் பயன்படுவதற்காக உருவானது. ஒரு கருவி தகவலை அனுப்பியதும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காக மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் பதில் தாமதமாக வருவதால், தகவல் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். ஒரே கோபுரத்தில் ஓர் ஆன்டெனா அனுப்பும்போது பக்கத்து ஆன்டெனாவால் கேட்கவும் முடியாது.

ஒரு கோபுரத்து ஆன்டெனாக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அனுப்பி, பின் ஒரே நேரத்தில் கேட்கும்படி முறை வைப்பதே இதற்குத் தீர்வு. கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வகுத்த இந்த முறையைப் பெர்க்கிலி குழுவினர் வளர்த்து 'வைல்ட்நெட்' என்று பெயரிட்டனர்.

மின்சாரமும் பழுதுநீக்கமும்

ஆய்வாளர்கள் எதிர்பாராத பெரிய எதிரி மின்சாரமே. தாங்கள் சந்தித்த பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தரமற்ற மின்சாரத்தால் வந்தவை என்று அவர்கள் பதிவு செய்துள்ளனர். 220–240 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 70 வோல்ட்டுக்குக் கீழும் 350 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் சென்றது. கணநேர எழுச்சிகள் 1,000 வோல்ட் வரை தொட்டன. திடீரென மின்சாரம் நின்றபோது திசைவியின் நினைவக அட்டை கெட்டது. மின்னழுத்தம் குறைந்தபோது கருவி பாதியில் உறைந்தது.

இதற்கான தீர்வுகள் எளியவை. நினைவக அட்டையைப் படிக்க மட்டுமே இயலும்படி அமைத்தல், உறைந்த கருவி தானாக மீண்டும் தொடங்கும்படி செய்தல், மின்கலம் வற்றும்போது இணைப்பைத் துண்டித்தல், கோபுரங்களில் சூரிய மின்சாரம் பயன்படுத்துதல் ஆகியவை செய்யப்பட்டன. திசைவிகள் தம் நிலையைத் தாமே தொலைவில் உள்ளோருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் இருந்தது.

கருவிகளுக்கு இணையாக ஆட்களும் தேவைப்பட்டனர். தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் கவனித்த பழுதுநீக்கப் பொறுப்பு, படிப்படியாக உள்ளூர்ப் பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. விளக்கு எரிகிறதா, கம்பி கழன்றுள்ளதா, மின்கலத்தில் மின்சாரம் உள்ளதா என்று முதலில் பார்ப்பவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பிற வறண்ட பகுதிகளுக்கான பயன்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் வட்டாரம் மலைகளற்ற வானம் பார்த்த பூமி. இத்தகைய சமதளத்தில் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று காண மலை தடையாக இராது. ஆனால் உயரத்துக்கு மலையின் துணையும் கிடைக்காது. பனையும் சீமைக் கருவேலமும் தாண்டி எழும் கம்பமோ உயர்ந்த கட்டடமோ தேவைப்படும். அலைபேசி இணையம் பரவிய பின்னும், ஒரு பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் தம் செலவில் இணைக்க விரும்பும் ஊருக்குத் தேனியின் அனுபவம் பொருந்தும். திசைவி வாங்கும் பட்டியலிலேயே மின்கலம், நில இணைப்புக் கம்பி, பழுது பார்க்கக் கற்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.